ஆறு முழம் ஆதரவு

நிலம் என்ற சொல்லே அகராதியில் இல்லாத நாடு அது. பெயர் தெப்பங்காயல். பரந்த உப்பங்காயல் ஒன்றின் மேல் எஃகு மிதவைகளைச் சங்கிலியால் பிணைத்து, மேலே பலகை பாவி, வீடும் கடையும் கோயிலும் நீதிமன்றமும் கட்டிக்கொண்டு அதன் மக்கள் வாழ்ந்தார்கள். காயலின் கிழக்கே ஒரு முகத்துவாரம் இருந்தது. அதன் வழியே கடல் உள்ளே வரும், போகும். வரும்போது தண்ணீருக்கு மூச்சைக் கொடுக்கும். போகும்போது ஊர் அழுக்கை அள்ளிக்கொண்டு போகும். இதற்காக அது யாரிடமும் நன்றி எதிர்பார்த்ததில்லை. யாரும் சொன்னதுமில்லை.

அந்த நாட்டுத் தேர்தலில் சீட்டும் இல்லை, விரலில் மையும் இல்லை. சபைத் துறையில் இரண்டு தெப்பங்கள் மிதந்தன. ஒன்று ஆள்பவருக்கு, மற்றது எதிர்த்து நிற்பவருக்கு. தேர்தல் நாளில் மக்கள் தங்களுக்குப் பிடித்தவரின் தெப்பத்தில் ஏறி நிற்பார்கள். எந்தத் தெப்பம் அதிகமாக அமிழ்கிறதோ, அந்தத் தெப்பத்துக்கு உரியவர் நாட்டை ஆள்வார். தெப்பத்தின் மூலையில் நட்டிருக்கும் பித்தளைக் கோல், ஆதரவு எத்தனை விரற்கடை, எத்தனை சாண் என்று காட்டும். தேர்தல் காலத்தில் பருத்த உடம்புக்காரர்களுக்கு இரண்டு தரப்பிலும் தடபுடலான உபசாரம் நடக்கும். இடுப்புக் குழந்தைக்கும் அதன் எடைக்குத் தக்க ஓட்டு உண்டு. ஆனாலும் அந்த முறையில் ஒரு நியாயம் இருந்தது. மன்னர்கள் தோற்றிருக்கிறார்கள். தோற்ற மன்னர் ஒருவர் மறுநாளே கருவாட்டுக் கடை போட்டு நன்றாகப் பிழைத்திருக்கிறார்.

மன்னர் நிலைப்பெருமாள் தம் இரண்டாவது தேர்தலில் ஒரு விரற்கடை வித்தியாசத்தில்தான் தப்பித்தார். அந்த ஒரு விரற்கடையும் அலை செய்த கூத்து என்று எதிர்த்தரப்பு சொன்னது. மன்னருக்குத் தூக்கம் போயிற்று. பேரமைச்சர் அறவாழி சபையைக் கூட்டி, அலை என்பது தேர்தலில் தலையிடும் அந்நியச் சக்தி என்று விளக்கினார். முகத்துவாரத்துக்கு எஃகுக் கதவு போடப்பட்டது. அசையாநீர்ச் சட்டம் ஒரே மூச்சில் நிறைவேறியது. அதன்பின் காயல் எண்ணெய் ஊற்றியதுபோல் அசையாமல் கிடந்தது. நிலையான நீர், நிலையான ஆட்சி என்று ஊரெல்லாம் பலகை மாட்டினார்கள்.

கீழ்த்தெருவில் இருந்த அங்காயி மாற்றத்தை முதலில் கண்டவர்களில் ஒருத்தி. மிதவைகளின் பக்கவாட்டில் ஒட்டி வளரும் மட்டிகளைச் சுரண்டி எடுத்து விற்பது அவள் பிழைப்பு. அவள் புருஷன் கொளஞ்சி ஓடக்காரன். கதவு போட்ட மறு வருஷமே மட்டிகள் வாயைத் திறந்தபடி செத்து உதிர்ந்தன. பிறகு மீன்கள் மேலே வந்து காற்றுக்கு வாயைப் பிளந்தன, பிறகு மல்லாந்தன. தண்ணீர் கறுத்தது. அழுகிய முட்டை நாற்றம் ஊரை மூடியது. மட்டிக் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்காயி இட்லி சுட்டு விற்றாள். அந்த நாற்றத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

நாற்றம் பற்றிய மனுக்கள் குவிந்ததும் அரசு உடனே நடவடிக்கை எடுத்தது. பொது இடங்களில் மூக்கைப் பொத்துவது அரசை அவமதிக்கும் செயல் என்று அறிவித்தது. பெண்களின் கொலுசும் மெட்டியும் இரண்டே வாரத்தில் கரிக்கட்டை நிறத்துக்கு வந்தபோது, கலப்பட வெள்ளி விற்றதாகத் தட்டார்களைப் பிடித்து உள்ளே போட்டது. மன்னர் மகளின் கொலுசும் கறுத்தது. அதைச் செய்த தட்டாருக்கு மட்டும் தண்டனை இரட்டிப்பாயிற்று. மானம் ரோஷம் உள்ள நாடாக இருந்தால் அன்றைக்கே கதவைத் திறந்திருக்கும். தெப்பங்காயல் மக்களோ மூக்கைப் பொத்தாமல் மூச்சை அடக்கப் பழகினார்கள்.

ஒருநாள் அங்காயி அடுப்பில் வைத்த இட்லிப் பானை தானாக ஒரு பக்கம் நகர்ந்தது. வீட்டின் தென்மூலை சாய்ந்திருந்தது. கொளஞ்சி வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினான். மிதவையின் அடிப்பக்கத்தில் கறுப்புக் களிம்பு வழவழவென்று அப்பிக் கிடந்தது. அதை வழித்துவிட்டுத் தடவினால், கீழே எஃகு குண்டும் குழியுமாக, புதுப் பாத்திரம்போல் பளபளத்தது. ஒரு குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினான். விரல் உள்ளே போய்விட்டது.

பக்கத்து வீடுகளின் அடியிலும் அதே கதைதான். கொளஞ்சி கபடமில்லாத மனுஷன். அரசாங்கத்துக்குத் தெரிந்தால் சரிசெய்வார்கள் என்று நம்பி மிதவை அலுவலகத்துக்குப் போய், நடந்ததைச் சொல்லி, கட்டைவிரலையும் காட்டினான். அலுவலர் அந்த விரலைக் கவனமாகப் பார்த்தார். பிறகு காவலர்களைக் கூப்பிட்டார். நாட்டின் மிதவையில் ஓட்டை போட்ட குற்றத்துக்காகக் கொளஞ்சி அன்றைக்கே சிறைத்தெப்பத்துக்குக் கொண்டுபோகப்பட்டான். தட்டார்களும் அங்கேதான் இருந்தார்கள்.

அங்காயி முறையிடாத இடம் இல்லை. அவளோடு சேர்ந்து கீழ்த்தெருவே முறையிட்டதால் சபை ஒரு விசாரணைக்கு ஒப்புக்கொண்டது. நீர்நூல் படித்த எழினி என்ற அறிஞர் சாட்சி சொல்ல வந்தார். காற்று அற்றுப்போன தண்ணீரில் சில நுண்ணுயிர்கள் பெருகும் என்றும், கடலுப்பில் இருக்கும் கந்தகத்தைக் கொண்டே அவை பிழைக்கும் என்றும், இந்த நாற்றம் அவை விடுவதுதான் என்றும் அவர் சொன்னார். அவை எஃகின் மேல் படர்ந்து, தங்கள் போர்வைக்கு அடியில் குழி பறிக்கின்றன. வெள்ளியைக் கறுக்க வைப்பதும் அதே வாயுதான். இதில் தட்டார் குற்றமும் இல்லை, ஓடக்காரர் குற்றமும் இல்லை. கதவைத் திறந்து கடலை உள்ளே விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் தேறும் என்றார்.

பேரமைச்சர் அறவாழி எழுந்தார். அவர் எழுந்தாலே சபை சிரிக்கத் தயாராகிவிடும்.

“காற்றில்லாமல் உயிர் வாழும் பிராணி ஒன்று நம் நாட்டில் இருக்கிறது என்கிறார் அறிஞர். அப்படியானால், காற்றில்லாமல் மூச்சு முட்டுகிறது என்று குடிமக்கள் ஏன் புகார் செய்கிறார்கள்? ஒரு புழுவுக்கு இருக்கும் நாட்டுப்பற்று இவர்களுக்கு இல்லையா?”

சபை மேசையைத் தட்டியது. குற்றம் சாட்டப்பட்ட நுண்ணுயிரை வெளிப்படையான சபையில் நேரில் நிறுத்தவேண்டும் என்று பேரமைச்சர் கேட்டுக்கொண்டார். ஒளிவுமறைவற்ற விசாரணை என்று பெயர் வாங்குவதற்காக எல்லாச் சாளரங்களையும் திறந்துவைத்தார்கள். கறுப்புக் களிம்பை அகன்ற வெள்ளித் தாம்பாளத்தில் பரப்பிக் காற்றாட நாள்கணக்கில் நடுவில் வைத்தார்கள். காற்றுப் பட்டால் அவை ஒடுங்கிவிடும், மூடிய குப்பியில் வைத்துத்தான் சோதிக்கவேண்டும் என்று எழினி மன்றாடினார். மூடி மறைக்கும் பழக்கம் இந்த அரசுக்கு இல்லை என்று பதில் வந்தது. கடைசியில் களிம்பை எடுத்துச் சோதித்தபோது அதில் எதுவும் வளரவில்லை. தாம்பாளம் மட்டும் கறுத்துப் போயிருந்தது. தாம்பாளம் செய்த தட்டாரைப் பிடிக்க ஆள் அனுப்பினார்கள்.

நுண்ணுயிர் என்று ஒன்று இல்லை, ஆகவே ஓட்டைக்குக் காரணம் விரல்தான் என்று தீர்ப்பாயிற்று. எழினிக்குப் பொன்னாடை போர்த்தி, இனித் தண்ணீரைப் பார்க்கவேண்டாம், மேகங்களைப் பார்த்துச் சொன்னால் போதும் என்று பதவி உயர்வு கொடுத்தார்கள். பொன்னாடையோடு அவர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததை அங்காயி பார்த்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது.

சிறைத்தெப்பத்தில் கொளஞ்சியைப் பார்க்க அவளுக்கு அனுமதி கிடைத்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அவன் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தான்.

“தரை ஈரமாவே இருக்கு அங்காயி. மொதல்ல மூலையில மட்டுந்தான் இருந்துச்சு. இப்ப பாய் விரிக்க எடமில்ல” என்றான்.

“இங்கயும் அதேதானா?”

“அதே கறுப்புத்தான். கம்பிக்கு அடியில ஒரு தட்டுத் தட்டினா பேந்துடும். தட்டார் ஐயா எல்லாரும் வேணாம்னுட்டாங்க. தொட்டா, பாத்தியா நீங்கதான் ஓட்ட போட்டீங்கன்னு இன்னொரு கேசு போடுவான். நாம தப்பு பண்ணல இல்ல? கதவ அவங்களே தொறந்து விடட்டும்.”

அங்காயி சிறை அதிகாரியிடம் போய்ச் சிறை அமிழ்கிறது என்றாள். கைதிகளுக்குக் குளிர்ச்சியான சூழலை வழங்குவது புதிய சீர்திருத்தம் என்று அவர் பதில் சொன்னார். சொல்லும்போதே தம் செருப்பைக் கழற்றி உயரமான இடத்தில் வைத்தார்.

அங்கிருந்து நேரே பேரமைச்சரைத் தேடிச் சபைத் துறைக்குப் போனாள். தேர்தல் நெருங்கியிருந்தது. எதிர்த்தெப்பத்தை வழக்கப்படி தண்ணீரிலிருந்து தூக்கிச் சுரண்டி, ஓட்டை அடைத்து, புதுச் சாயம் பூசி இறக்கியிருந்தார்கள். எதிர்க்கட்சிக்குத் துரோகம் செய்தார்கள் என்று யாரும் சொல்லிவிடக்கூடாதே என்று எந்தக் காலத்திலோ ஏற்பட்ட வழக்கம் அது. மன்னர் தெப்பமோ முடிசூட்டு நாளில் பூசை செய்து இறக்கியது. அதன்மேல் வேலையாள் கை படக்கூடாது என்பது மரபு. அது கறுத்த தண்ணீரில் அப்படியே கிடந்தது. அதன்மேல் ஒரு காக்கை மட்டும் உட்கார்ந்திருந்தது. பித்தளைக் கோலோ, போன தேர்தலில் ஊரில் பாதிப் பேர் ஏறி நின்றபோது காட்டிய அளவையும் தாண்டிக் காட்டிக்கொண்டிருந்தது.

அங்காயிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆளே ஏறாமல் மன்னரின் ஆதரவு எப்படிக் கூடிக்கொண்டே போகிறது என்பதும், முகத்துவாரக் கதவைத் திறக்கச் சொன்னால் இவர்களுக்கு ஏன் இத்தனை கோபம் வருகிறது என்பதும் ஒரே சமயத்தில் விளங்கின.

“ஐயா, இதுல ஆளே இல்லையே. ஏன் இவ்வளவு அமுங்கிக் கெடக்கு?” என்று அவள் பேரமைச்சரைக் கேட்டாள்.

“அம்மணி, உடம்பால் ஏறுவதற்கு முன்பே மக்கள் உள்ளத்தால் ஏறிவிட்டார்கள். அந்த அன்பின் கனம் இது” என்றார் அறவாழி, கண் இமைக்காமல்.

அவள் புருஷன் விஷயத்துக்கும் அவரிடம் பதில் இருந்தது. மன்னர் வென்றால் வெற்றி விழா நடக்கும், வெற்றி விழாவில் கைதிகளுக்கு விடுதலை உண்டு. மன்னர் தோற்றால் விழா ஏது, விடுதலை ஏது? யோசித்து ஏறவேண்டியது அவள் பொறுப்பு என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். போகிற போக்கில் இன்னொரு சட்டத்தையும் நினைவூட்டினார். மன்னருக்கு ஆதரவாக ஏறி நின்ற யாரும் எண்ணிக்கை முடியும்வரை இறங்கக்கூடாது, இறங்கினால் ராஜதுரோகம்.

தேர்தல் நாள் வந்தது. எதிர்த்து நின்றவர் ஒரு பள்ளி ஆசிரியர். மெலிந்த மனிதர், அவர் ஏறினால் தெப்பத்துக்கே தெரியாது. ஆனால் அன்றைக்கு ஊரே அவர் தெப்பத்தில் ஏறியது. நாற்றம் தாங்காதவர்கள், கொலுசு கறுத்தவர்கள், வீடு சாய்ந்தவர்கள், பிள்ளைகுட்டிகள் எல்லாரும் ஏறினார்கள். அங்காயி இரண்டு தெப்பத்துக்கும் நடுவில் வெகுநேரம் நின்றாள். ஒரு பக்கம் நியாயம், மறுபக்கம் புருஷன். அநியாயத்தில் ஏறி நின்று தன்னை மீட்டாள் என்று தெரிந்தால் அவன் முகத்தில் விழிக்க முடியாது என்று தோன்றியது. ஆசிரியர் தெப்பத்தில் ஏறினாள். மன்னர் தெப்பத்தில் அமைச்சர்களும் காவலர்களும் மேளக்காரர்களும் நின்றார்கள். அவ்வளவுதான்.

மன்னர் தெப்பம் இறங்கியது. கோலின் கடைசிக் கோடும் மறைந்தது. அமைச்சர்களின் பட்டுக் கரை நனைந்தது. அவர்கள் புன்னகையோடு முழங்காலளவு நீரில் நின்றார்கள். கடைசியில் எண்ணிக்கை முடிந்ததும் படகு வந்து அவர்களை ஏற்றிக்கொள்ள, தெப்பம் குமிழி விட்டுக்கொண்டு முழுசாக உள்ளே போனது. நாட்டின் வரலாற்றிலேயே அளவுகோலுக்கு அடங்காத ஆதரவு என்று முரசறைந்தார்கள். மகிழ்ச்சிப் பெருக்கில் மன்னர் அங்கேயே ஒரு சட்டமும் பிறப்பித்தார். இனி நாட்டில் எது தானாக முன்வந்து மூழ்கினாலும் அது மன்னருக்கு அளித்த ஆதரவாகக் கொள்ளப்படும்.

இதைவிடக் கொடுமை எதிர்த்தெப்பத்தில் நடந்தது. ஊர்மக்கள் யாரும் ஏறாத தெப்பம் மூழ்கியதை எல்லாரும் கண்ணால் பார்த்தவர்கள்தான். ஆனால் முரசு ஓய்வதற்குள் ஒருவரையொருவர் முறைக்க ஆரம்பித்தார்கள். நாம் ஏறவில்லை சரி, மேலத்தெருக்காரர்கள் ஏறியிருப்பார்கள் என்றார் ஒருவர். கீழ்த்தெருவில் நாலு பேர் விலைபோய்விட்டார்கள் என்றார் இன்னொருவர். தோளோடு தோள் நின்று கொண்டே பக்கத்தில் இருப்பவனைச் சந்தேகப்பட்டார்கள். பேரமைச்சருக்குக்கூட இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று தோன்றியிருக்காது. அங்காயிக்கு அவர்கள் ஒவ்வொருவர் கன்னத்திலும் அறையவேண்டும்போல் இருந்தது. ஆனால் விடுதலைச் செய்தியும் முரசில் வந்திருந்ததால் அவள் கொளஞ்சியின் ஓடத்தை அவிழ்த்துச் சிறைப்பக்கம் துடுப்புப் போட்டாள்.

சிறைத்தெப்பம் இருந்த இடத்தில் தண்ணீர் இருந்தது. பிணைத்திருந்த சங்கிலி விறைப்பாகக் கீழே போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு பாய் மிதந்தது. தேர்தலுக்காகச் சிறைக் காவலர்கள் எல்லாரையும் மன்னர் தெப்பத்தில் நிறுத்திவிட்டதால், கதவைத் திறந்துவிட ஆள் இல்லாமல் போயிருந்தது. பேரமைச்சர் அறவாழி ஒரு படகில் நின்று, நீண்ட கோல் ஒன்றைத் தண்ணீருக்குள் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தார். புதிய சட்டத்தின் கீழ் முதல் கணக்கெடுப்பு அது.

அவளைக் கண்டதும் அவர் கனிவோடு தலையசைத்தார்.

“உங்கள் கணவர் கடைசி நேரத்தில் மனம் திருந்திவிட்டார், அம்மணி. உள்ளே இருந்த அனைவருமே திருந்திவிட்டார்கள். ஆறு முழம் ஆதரவு.”

அங்காயி பாயை எட்டி எடுத்து ஓடத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பெருங்குரலெடுத்து அழவேண்டும் போல் இருந்தது. அந்த ஆள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஓடத்தைத் திருப்பிச் சபைத் துறைக்கு வந்தாள். அங்கே இன்னும் யார் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஈரப்பாயை வீசினாள். தட்டார்களின் பெண்டாட்டிகளும் அங்கேதான் இருந்தார்கள். சிறைப் பாயைப் பார்த்ததும் சண்டை நின்றது.

“யாரும் ஏறலைன்னு ஒங்க எல்லாருக்கும் தெரியும். இப்ப ஏறலாம், வாங்க. அரண்மனைக்குப் போயி, ஆதரவு தரலாம்” என்றாள்.

சிலருக்கு உடனே புரிந்தது. சிலருக்குப் போகும் வழியில் புரிந்தது. புரியாதவர்கள் கூட்டத்தைப் பார்த்துக் கூடவே வந்தார்கள். தெருத்தெருவாகப் பலகைகள் அதிர, ஊர் முழுவதும் அரண்மனையை நோக்கி நடந்தது. அரண்மனையும் எஃகு மிதவைகளின் மேல்தான் மிதந்தது, அதே தண்ணீரில்தான். மற்ற வீடுகளைவிட அங்கே கறுப்பு அதிகம், ஏனென்றால் சமையற்கட்டுக் கழிவு முழுவதும் அடியில்தான் விழும். பூசை செய்து இறக்கிய மிதவைகளானதால் அவற்றையும் யாரும் தொட்டதில்லை.

மன்னர் வாழ்க என்று சொல்லிக்கொண்டே மக்கள் முன்முற்றத்தில் ஏறினார்கள். காவலர்கள் மனம் நெகிழ்ந்து வழிவிட்டார்கள். மேளக்காரர்கள் மறுபடியும் மேளம் கட்டினார்கள். குழந்தைகளோடு படகுகளில் வந்தவர்களை அங்காயி ஏறாமல் அங்கேயே இருக்கச் சொன்னாள்; நீந்தத் தெரிந்தவர்கள் மட்டும் ஏறினால் போதும் என்றாள். முற்றம் நிறைந்தது. தூண்களுக்கு அடியில் எங்கோ ஒரு மிதவை, அழுகிய பழத்தை மிதித்ததுபோல் பொத்தென்று உள்வாங்கியது. கறுத்த தண்ணீர் பளிங்குப் படியில் முதல் படியைத் தாண்டி வந்தது.

அப்போதுதான் படகில் திரும்பிய பேரமைச்சருக்கு விஷயம் பிடிபட்டது. அவர் தம் வாழ்நாளிலேயே முதல் தடவையாக அலங்காரம் இல்லாமல் பேசினார்.

“எறங்குங்க எல்லாரும். எறங்குங்கடா.”

“எண்ணி முடியலையேங்க” என்றாள் அங்காயி. “நடுவுல எறங்கினா ராஜதுரோகம்.”

யாரும் இறங்கவில்லை. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அறவாழி மேல்மாடத்தைப் பார்த்துக் கைகளை ஆட்டினார். மேலே மன்னர் நிலைப்பெருமாள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அவ்வளவு உயரத்திலிருந்து அவருக்குத் தலைகள் மட்டுமே தெரிந்தன. இத்தனை தலைகளை அவர் ஒருசேரப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. கண் கலங்க, இரண்டு கைகளையும் உயர்த்தி ஆசி வழங்கினார். பிறகு தூரத்தில் படகுகளில் ஒதுங்கி நின்றவர்களைக் காட்டி, அவர்களும் ஏறட்டுமே, ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டார்.